எந்தக் கோர்ட்டு போட்ட பூட்டு

வேலை கேட்டு வந்த அன்று அந்த அக்கா முதலில் தன் விடுதலைக் காகிதத்தைத்தான் மேஜைமேல் வைத்தார். "பதினாலு வருசம் ஜெயில்ல இருந்தேனுங்க. தெனமும் அடிச்ச புருசனை ஒரு நாள் திருப்பி அடிச்சேன், செத்துட்டாரு. மறைச்சு வேல கேக்க மாட்டேனுங்க" என்றார். மண்ணரைப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனி அது. நான் அதன் பெண்கள் விடுதிக்கு வார்டன். சிறையில் தையல் கற்றிருந்த அக்கா, மெஷினில் உட்கார்ந்து இரண்டே சட்டைகள் தைத்துக் காட்டினார். மேனேஜர் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். விடுதியில்தான் முதல் மாதம் அவர் பக்கத்தில் பாய் விரிக்க யாரும் துணியவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு தென்மாவட்டப் பெண்ணுக்கு மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தபிறகே எல்லாருக்கும் அவர் அக்கா ஆனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக் கேட்டைப் பூட்டிவிடுவோம். பெண்களின் பாதுகாப்புக்கு என்பார்கள். நானும் அதை நம்புவதாகவே காட்டிக்கொண்டேன். அதே ஊரில் ராயபுரத்தில் சித்தி வீட்டில் வளர்ந்த அக்காவின் மகள், அத்தனை வருடங்களாகத் தாயைப் பார்க்க மறுத்தவள், ஒரு ஞாயிறு வரச் சொல்லி அனுப்பினாள். அக்கா புதுச்சேலை கட்டிக் கேட்டுக்கு வந்தார். மேனேஜர் விடவில்லை. "ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டா மறுபடியும் உள்ள போயிருவீங்க" என்றார். விடுதலை நிபந்தனைப்படி வாராவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும் அவருக்கு அது சின்ன மிரட்டல் அல்ல.

"போடுங்க. கோர்ட்டு குடுத்த தண்டனைய முடிச்சுட்டுத்தான் வந்தேன். இந்தப் பூட்டு எந்தக் கோர்ட்டு போட்டதுன்னு அவங்களே வந்து கேக்கட்டுங்க" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "தொறங்க, அம்மிணி" என்றார். சாவியை எடுத்துத் திறந்தேன்.

மாலையில் திரும்பியவர், "மக ஒண்ணுமே பேசலீங்க. கெளம்பறப்ப மட்டும், அடுத்த வாரமும் வருவியாம்மான்னு கேட்டா" என்று சொல்லிவிட்டு அழுதார். மறுநாள் காலை விடுதிப் பெண்கள் மெஷினில் உட்கார்ந்தார்கள், ஸ்விட்சைப் போடவில்லை; ஞாயிற்றுக்கிழமைப் பூட்டை எடுத்தால்தான் மெஷின் ஓடும் என்றார்கள். ஏற்றுமதிக்குச் சரக்கு போகவேண்டிய நாள். மதியத்துக்குள் பூட்டு கழன்றது. போலீஸ் வரவில்லை. என் வேலை மட்டும் போயிற்று. அதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

இப்போது அக்கா மகளோடு தனி வீட்டில் இருக்கிறார். பார்க்க வருகிறேன் என்று போன மாதம் போன் செய்தேன். "எப்ப வேணா வாங்க அம்மிணி. ஞாயித்துக்கெழமை மட்டும் வேண்டாங்க, நாங்க ஊர் சுத்தப் போயிருவோம்" என்று சிரித்தார்.