ஆல்பத்தில் ஒட்டாத படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சேலையூரில் கல்யாணப் போட்டோகிராபர். ஒரு நாள் சாயங்காலம் குதிரையில் மாப்பிள்ளை ஊர்வலம். என் கேமராவைப் பார்த்ததுமே குதிரைக்காரர் எச்சரித்தார்.

"சார், காத பின்னால மடக்கிக்கினா கோவமா கீதுன்னு அர்த்தம், கிட்ட வராத. பின்னால போவவே போவாத. ஆள் தெரியாம ஒதச்சிடும்."

தலையாட்டினேன். ஆனால் மாப்பிள்ளையின் முதுகும் கேம்ப் ரோட்டின் சீரியல் விளக்குகளும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று எனக்கு ஆசை. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் சத்தமில்லாமல் குதிரைக்குப் பின்னால் போய் ஃபிளாஷ் அடித்தேன். குதிரைக்காரர் கயிற்றை விடாமலே ஓடிவந்து என்னைத் தள்ளினார். எனக்கு விழவேண்டிய உதை அவர் தொடையில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பதறிக்கொண்டு வந்தார். "யாராவது பின்னால போனீங்களா?"

"இல்ல சார், சும்மாவே ஒதச்சுது" என்றேன்.

தரையில் கிடந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

"வெறி பிடிச்ச குதிரை, ஓட்டிட்டுப் போய்யா!" என்று அவரை விரட்டிவிட்டு, மாப்பிள்ளையைக் காரில் ஏற்றினார்கள். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே அவர் நொண்டி நொண்டிப் போனார்.

இரண்டு நாள் கழித்து பிரிண்ட் வந்தது. முதுகும் விளக்குகளும் நான் ஆசைப்பட்டபடியே விழுந்திருந்தன. கூடவே, பின்னால் படிந்த இரண்டு காதுகளும், என்னை நோக்கி நீண்ட ஒரு கையும். நான் பட்டனை அழுத்தும் முன்பே குதிரையும் அவரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஊர்வலத்தில் பொய் சொன்னது நான் ஒருவன்தான்.