அக்காவுக்குச் சொன்ன நீராவிக் கப்பல் கதை

அக்கா ஆடி மாதத்தில் திரும்பி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை என்பதால், புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள். அம்மாவும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆவணி பிறந்தும் அவள் சென்னையிலிருந்த கணவர் வீட்டுக்குக் கிளம்பாதபோதுதான் பக்கத்து வீடுகளில் கேட்க ஆரம்பித்தார்கள்.

நடந்தது இதுதான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே அக்காவின் கணவருக்கு வேலை போய்விட்டது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அக்கா கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார். சாயங்காலம் காலி பாக்ஸோடு திரும்பி வந்தார். மாதக்கணக்கில் இப்படியே நடந்திருக்கிறது. கடைசியில் அவரோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி, கடையில் பார்த்தபோது விசாரித்ததில்தான் அக்காவுக்குத் தெரிந்தது.

"வேல போனா போவட்டும். விடியக்காலைல எழுந்து எழுந்து சோறு கட்டிக் குடுத்தனே, அத வாங்கிகினு எப்படி போனாரு?" என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேறு எந்தப் பேச்சும் பேசவில்லை.

எங்கள் வீடு கீழ்பென்னாத்தூர் பக்கம். நான் அப்போது திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருந்தேன். அங்கே தங்கிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் புத்தகங்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. தியானம், யோகா, உணவு முறை என்றுதான் அதில் பெரும்பாலும் இருக்கும். அந்த ஆடியில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி அறையைக் காலி செய்யும்போது, தன் மகள் படித்து முடித்தவை என்று நான்கு தடிமனான புத்தகங்களை வைத்துவிட்டுப் போனாள். நான்கும் ஒரே கதையின் தொடர்ச்சி. முதல் புத்தகத்தின் அட்டையில், தோல் கோட்டும் கண்ணில் பெரிய கண்ணாடியும் போட்ட ஒரு பெண், பித்தளைக் குழாய்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேகத்துக்குள் ஒரு கப்பல் மிதந்தது. நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். பாடப்புத்தகம் தவிர ஆங்கிலத்தில் எதையும் முழுதாகப் படித்ததில்லை. அட்டைக்காகத்தான் எடுத்தேன்.

பெட்ரோலும் கரண்டும் கண்டுபிடிக்காமலே போன ஓர் உலகம் அது. எல்லாம் நீராவியில் ஓடும். தெருவிளக்கை ஏற்றுவதற்கு ஓர் இரும்பு மனிதன் புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு நடந்து வருவான். கடிகாரங்கள் வீட்டைவிட உயரமாக இருக்கும். ஊருக்கும் ஊருக்கும் இடையே வானத்தில் கப்பல்கள் போகும். அப்படி ஒரு கப்பலின் கொதிகலன் அறையில் வேலை செய்யும் பதினேழு வயதுப் பெண்தான் கதாநாயகி. யாருக்கும் தெரியாமல் அந்தக் கப்பலில் ஏறிக்கொள்கிறான் ஓர் இளைஞன். அவன் தொழில் காற்றுக்கு வரைபடம் போடுவது. எந்தக் காற்று எங்கே பிறக்கிறது, எந்த மலையைச் சுற்றிக்கொண்டு எங்கே போய் ஓய்கிறது என்று மெல்லிய தாளில் கோடு கோடாக வரைந்துகொண்டே இருப்பான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்த நாட்களில் படித்தேன். பாதி வார்த்தைகள் புரியாது. புரியாததைத் தாண்டிப் போனாலும் கதை என்னைத் தூக்கிக்கொண்டு போனது. காலையில் பஸ் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் மலை தெரிய ஆரம்பிக்கும். மழைமேகம் இறங்கிய நாட்களில் அடிவாரம் மறைந்துபோய் உச்சி மட்டும் தனியாக மிதக்கும். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால், எது கப்பல் எது மலை என்று ஒரு நிமிடம் எனக்குப் பிடிபடாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரியே இருக்கும்.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போன அக்கா இறங்கி வரவேயில்லை. நான் மேலே போனேன். மடித்த துணிகளை மடியில் வைத்துக்கொண்டு, மேற்கே நீலமாகத் தெரிந்த மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. வேறு எதுவும் தோன்றாததால் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஆவியில ஓடற கப்பல்க்கா" என்றேன்.

"பேய்க் கதையா?"

"அந்த ஆவி இல்ல. நீராவி."

"நம்ம குக்கர் மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஆனா பெருசு."

அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன். கொதிகலன் வெடிக்கப்போகிற நேரத்தில் அந்தப் பெண் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போகிற இடத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். படியிறங்கும்போது பின்னால் அக்காவின் குரல் வந்தது.

"செத்துட்டாளா?"

"நாளைக்கு சொல்றேன்."

"இப்பவே சொல்லுடி."

அன்றிலிருந்து தினமும் நான் வீட்டுக்கு வரும்போது அவள் மாடியில் இருப்பாள். நான் பஸ்ஸில் படித்ததை அவளுக்குத் தமிழில் சொல்வேன். தெரியாத இடங்களில் நானே கொஞ்சம் போட்டு நிரப்பிக்கொண்டேன். பௌர்ணமி வந்தால் கெஸ்ட் ஹவுஸும் பஸ்ஸும் நிரம்பி வழியும், ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது. அந்த நாட்களில் கதை கிடையாது என்று சொன்னால் அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "அந்தக் கொதிகலன் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. ஊருக்கு வெளியே இருக்கும் அரிசி ஆலையில் நெல் அவிப்பதற்கு ஒரு பாய்லர் உண்டு. போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். சென்னையிலிருந்து வந்த பிறகு அவள் வாசல் தாண்டியது அதுதான் முதல் தடவை.

நாங்கள் போனபோது நெல் அவிந்துகொண்டிருந்தது. அடுப்புக்குள் உமியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, "இன்னாம்மா வேணும்?" என்றார். "சும்மா பாக்க வந்தோம்" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே, "தள்ளி நில்லுங்க, இப்ப தொறப்பேன்" என்று ஒரு பிடியைத் திருப்பினார். பெரிய தொட்டியின் அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி, தரையெல்லாம் பரவி, களத்தையும் சுவரையும் வேப்பமரத்தையும் ஒவ்வொன்றாக மறைத்தது. பக்கத்தில் நின்ற அக்காவைக் காணவில்லை. அவிந்த நெல்லின் வாசனை மட்டும் இருந்தது. வெயில் அந்த வெண்மைக்குள் இறங்கி எல்லாம் பால்போல ஒளிர்ந்தது. கொஞ்ச நேரம் உலகத்தில் அது மட்டும்தான் இருந்தது. அப்புறம் ஆவி கலைந்தபோது, முகமெல்லாம் நீர்முத்து பூத்து, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுலயாடி அவ தெனமும் நிக்கறா?" என்றாள். "நல்லாத்தான் இருக்குது."

இரண்டாவது புத்தகத்தின் கடைசியில்தான் வந்தது வினை. காற்றுக்குப் படம் போடும் அந்த இளைஞன் எதிரி நாட்டுக்காரன் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அவளை அவன் காதலித்தது உண்மை. ஆனால் யார் அனுப்பி வந்தான் என்பதை அத்தனை நாளும் மறைத்திருக்கிறான். அவள் எதுவும் கேட்காமல், கப்பலோடு கட்டியிருந்த சின்னப் படகில் அவனை ஏற்றி, கயிற்றை அறுத்து வானத்தில் விட்டுவிடுகிறாள். படகு மேகத்துக்குள் போய் மறைகிறது.

இதை நான் பஸ்ஸில் படித்தபோதே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். முடியவில்லை, இருந்தபடியே சொன்னேன். அக்கா கேட்டு முடித்துவிட்டு, "போதும், இனிமே வேணாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

மூன்றாவது புத்தகத்தை நான் வீட்டில் ஷெல்ஃபில் வைத்துவிட்டேன். தனியாகப் படிக்க மனம் வரவில்லை. ஒரு வாரமோ என்னவோ போயிருக்கும். வேலை முடிந்து வந்தபோது அக்கா அதைக் கையில் வைத்திருந்தாள். பக்கத்தில் செல்போனில் அகராதி திறந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்றால் அவளுக்குக் காய்ச்சல் வரும். ஒரு வார்த்தையில் விரலை வைத்து, "இதுக்கு இன்னா அர்த்தம்? போன்ல போட்டா ஏதேதோ வருது" என்றாள்.

நான் யோசித்துச் சொன்னேன். "கட்டு இல்லாம, போக்கிடம் தெரியாம மெதந்துகினே இருக்கறது."

"இவ்ளோத்துக்கும் ஒரே வார்த்தையா?" என்று மறுபடியும் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது புத்தகத்தில் ஓர் அத்தியாயம் அந்தப் பெண்ணின் கதை என்றால், அடுத்த அத்தியாயம் படகில் மிதக்கும் அவனுடைய கதை. அவன் பகுதியில் சண்டை கிடையாது. விடிவதும் இருட்டுவதும், தண்ணீருக்காகத் துணியில் மேகத்தைப் பிழிவதும், யாரும் பார்க்கப்போகாத காற்றுக்கெல்லாம் படம் போடுவதும்தான். எனக்கு அவசரம், அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவேன். அக்கா அவற்றைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள். சில நாட்கள் நான் வந்ததும் அவளே எனக்குச் சொல்வாள். "இன்னிக்கு ஒரு கொக்குக் கூட்டம் அவன் படகுல வந்து உக்காந்துச்சு. பேச ஆள் கெடச்ச மாதிரி அதுங்ககிட்ட காத்தப் பத்தி சொல்லிகினு இருக்கான்." சொல்லிவிட்டு மலைப் பக்கம் பார்ப்பாள். சூரியன் அதற்குப் பின்னால் இறங்கி, வானம் செம்பு நிறமாக இருக்கும்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. புயலுக்கு நடுவே கதாநாயகி அவனைக் கண்டுபிடித்து, கயிறு வீசி இழுத்து, மழையில் நனைந்தபடி கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவுக்கு வந்தது கோபம்.

"இத்தினி நாள் எங்கடா இருந்த, எப்படிடா இருந்தனு ஒரு வார்த்த கேக்கல பாரு. நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதில்ல? கேக்காமலே தொரத்துனா, கேக்காமலே ஏத்திக்கினா."

ஐப்பசியில் தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். இளைத்திருந்தார். கையில் ஆப்பிள் பை. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டே மன்னிப்பு கேட்பது மாதிரி ஏதோ ஆரம்பித்தார்.

அக்கா குறுக்கிட்டு, "அது இருக்கட்டும். தெனமும் எங்க போய் உக்காந்தீங்க?" என்றாள்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. காபி டம்ளரைக் கையில் எடுத்து, "ஸ்டேஷன்ல" என்றார். "கடைசி பிளாட்பாரம். அங்க கூட்டம் கம்மி."

"நாள் முழுக்கவா?"

"மொதல்ல நாலஞ்சு கம்பெனி ஏறி எறங்குவேன். அப்பால அங்க வந்துடுவேன்."

"மழ வந்தா?"

"படிக்கட்டுக்குக் கீழ நிப்பேன்."

"சாப்பாடு?"

"ஒரு மணிக்கு. ஆபீஸ்ல சாப்பிடற நேரம் அதானே. அதுக்கு முன்னாடி பசிச்சாலும் தொறக்க மாட்டேன். தொறந்தா... இன்னமும் தப்பு பண்ற மாதிரி இருக்கும்." காபி டம்ளரைச் சுற்றினார். "ஒரு நாய் வரும். அதுக்கும் ஒரு வாய் வைப்பேன். நீ ரசம் வச்ச அன்னிக்கு மட்டும் மோந்து பாத்துட்டு போயிடும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. இன்னும் கேட்டாள். எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும், யாராவது அடையாளம் கண்டார்களா, வெயில் காலத்தில் என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் திறந்துகொண்டது. தூறல் நின்று, மாடி விளிம்பிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கதவோரத்தில் நின்ற எனக்கு, யாருமே போகாத ஒரு நீண்ட பிளாட்பாரமும் அதில் தனியாக ஒரு பெஞ்சும் கண்ணுக்குள் மிதந்தன.

கடைசியில் அக்கா, "சொல்லியிருந்தா நானும் வந்து உக்காந்திருப்பேன்" என்றாள்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"இப்ப போங்க. வரேன்னு நான் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க."

அவர் போன பிறகு அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளைய இப்படி திருப்பி அனுப்பறாளே, உன் புத்தகத்துல இன்னாதான்டி எழுதியிருக்குது?" புத்தகத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். தை பிறந்தபோது திருவண்ணாமலையிலேயே ஒரு கூரியர் ஆபீஸில் அவருக்கு வேலை கிடைத்தது. செங்கம் ரோடு பக்கம் மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்தார்கள். அக்கா மாசியில் தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவளாகவேதான் கிளம்பினாள், யாரும் கொண்டுபோய் விடவில்லை.

நான்காவது புத்தகத்தை அந்த வீட்டு மொட்டை மாடியில்தான் படித்து முடித்தோம். அங்கே மலை தூரத்து நீலமாக இல்லை. வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, பாறையும் புல்லும் தெரிய, எழுந்து நிற்கும். நான் வேலை முடிந்து அங்கே போவேன். அக்கா வாசிப்பாள். தப்பாக உச்சரித்தால் நான் திருத்துவேன், அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கடைசிப் பக்கத்தை முடித்த அன்று மாமாவும் சீக்கிரம் வந்துவிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "இன்னா கதை அது? ரெண்டு பேரும் இந்தப் பாடு படறீங்க?" என்றார்.

"உங்களுக்குப் புரியாது, நாலு புத்தகம்" என்றேன்.

"புரியும்" என்றாள் அக்கா. புத்தகத்தை மூடிக் கீழே வைத்துவிட்டு, "ஒரு ஊர்ல கரண்டே கெடையாது" என்று ஆரம்பித்தாள். நான் சொன்ன மாதிரி இல்லை. இரும்பு மனிதனுக்கு முட்டி வலி என்றாள். கப்பலில் இட்லி வெந்தது. அவள் சொன்னதில் அந்தப் பெண் கொஞ்சம் வாயாடியாக இருந்தாள். மாமா நடுநடுவே கேள்வி கேட்டார், அவள் சலிக்காமல் பதில் சொன்னாள். மலைமேல் வெளிச்சம் மெதுவாக ஏறி உச்சியில் மட்டும் நின்றது. எனக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, மேலே இன்னும் முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயமே முடியவில்லை.