எல்லாரும் அஞ்சு போட்ட ஆராய்ச்சி

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் ரேஷன் கடையில் பத்து நிமிஷம் எந்த வேலையும் நடக்காது. வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் சரி, விற்பனையாளர் சுதர்சனா கைரேகை மெஷினை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்துவிடுவாள். ஜைனக் குடும்பம். சூரியன் இறங்கிய பிறகு பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. செஞ்சியில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் முன்கூட்டியே போய் ஒளிந்துகொள்ளும். அது மலையில் மறைவதுதான், இன்னும் இறங்கவில்லை, அவசரமே வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. வெங்காயம் பூண்டு இல்லாத அந்த எலுமிச்சைச் சாதத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் அதற்கு மேல் நான் வாதாடுவதில்லை.

நான் வீராசாமி. அதே கடையில் கட்டுநர், அதாவது அரிசி, சர்க்கரை, பருப்பு எடை போட்டுத் தருகிறவன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். என் குரல் கொஞ்சம் பெரிசு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிறது என்பார்கள். அது சும்மா கிண்டல், பஸ் ஸ்டாண்டு கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோபமும் வரும். நாள் முழுக்க மூட்டை புரட்டுகிறவனுக்குக் கோபம் வராமல் சங்கீதமா வரும்?

சுதர்சனா கடைக்கு வந்து எட்டு வருஷம் ஆனபோது நடந்ததைச் சொல்கிறேன். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டரில் பி.எஸ்சி. முடித்தவள். மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். கணவர் நேமிகுமாருக்கு நெல் வியாபாரம்.

கைரேகை மெஷின் வந்த நாளிலிருந்து எங்கள் கடையில் தினமும் ஒரு கூத்துதான். கடலை பறித்தும் களை எடுத்தும் ரேகை தேய்ந்துபோன கைகள். அதிலும் மீனம்பாள் என்று ஒரு அம்மா, தளவானூரிலிருந்து வந்து இங்கே மகள் வீட்டோடு இருக்கிறவர். மெஷினைத் தொட்டு முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு விரலைப் புடவையில் துடைத்து, பூச்சியை நசுக்குவதுபோல ஒரே அமுக்காக அமுக்குவார். மெஷின் சிவப்பு விளக்கு காட்டும். மறுபடியும் அமுக்குவார். மறுபடியும் சிவப்பு. மகள் ஃபோனுக்கு ஓடிபி அனுப்பலாம் என்றால் அது பாதி நாள் சுவிட்ச் ஆஃப். கடைசியில், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வெறும் பையோடு திரும்பிப் போவார். "நாளைக்கு வா, நாளைக்கு வா, அடுத்த ஆளு" என்று நான் கத்துவேன். சுதர்சனா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள், மனசையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் படிக்கிற எம்.எஸ்சி. ஒன்று இருக்கிறதாம், இரண்டு வருஷமாம், வேலையை விடாமல் ஆன்லைனில் படிக்கலாமாம். அரிசி போடுவதற்கு எம்.எஸ்சி.யா என்று கேட்டேன். மறுநாளே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் குரு நடத்தும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, இந்தப் படிப்பு உங்களுக்கு ஏன் வேண்டும், ஐந்நூறு வார்த்தைக்குள் எழுதுக என்று. மற்றவர்கள் கம்பெனி, வேலை வாய்ப்பு, எதிர்காலம் என்று எழுதியிருப்பார்கள். இவள் நான்கு நாள் உட்கார்ந்து மீனம்பாளின் ஆட்காட்டி விரலைப் பற்றி எழுதினாள். வேறு ஒன்றுமே இல்லை, ஒரு விரல். இது தேறாது என்று நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

தேர்வுக் குழு வீடியோவில் கூப்பிட்டது. சென்டரில் ஒரு தடுப்புக்குப் பின்னால் அவள், வெளியே சத்தம் வராமல் காவலுக்கு நான். சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்கள் பாருங்கள். உளவியலில் என்ன அனுபவம் என்று கேட்டார்கள். "எட்டு வருஷமா ஒரு மெஷினுக்குப் பின்னாடி உக்காந்துகினு, முன்னாடி நிக்கிறவங்க முகத்தப் பாத்துட்டு இருக்கேன்" என்றாள். அடுத்த வாரம் இடம் கிடைத்துவிட்டது. நான் போய் ஒரு கிலோ பாதுஷா வாங்கி வந்து வரிசைக்கே கொடுத்தேன்.

வகுப்பு ஆறரையிலிருந்து எட்டு வரை. வீட்டில் மாமியாரின் சீரியல் ஒரு பக்கம், மகளின் கணக்கு வீட்டுப்பாடம் ஒரு பக்கம். அதனால் கடை மூடின பிறகு அங்கேயே ஃபோனை எடைமேடை மேல் சாய்த்து வைத்துப் படித்தாள். ஷட்டரை முழுசாகத் திறந்து வைத்து, வாசல் பக்கம் இருந்த மூட்டைமேல் நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு பெண்ணைத் தனியாகக் கடையில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது. எட்டு மணிக்கு நேமிகுமார் பைக்கில் வருவார், நான் பூட்டிக்கொண்டு கிளம்புவேன். என் மனைவி கமலாம்பாள், படிப்பது அந்தப் பெண்ணா நீங்களா என்று கேட்பாள். முணுமுணுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன், ஆனால் ஒரு நாள்கூட எழுந்து போகவில்லை. சும்மா இருக்கிற காதில் பாடமும் விழுந்தது. பயந்தால் மனுஷனுக்கு உள்ளங்கை வேர்க்கும், விரல் நடுங்கும், கையில் பழகின வேலைகூட மறந்துபோகும் என்று ஒரு நாள் நடத்தினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஆராய்ச்சி. அது தேறினால்தான் பட்டம். மெஷின் வெறும் சிவப்பு விளக்கு காட்டாமல், என்ன தப்பு என்று படத்தாலும் குரலாலும் சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு டேப்லட்டில் மாதிரி செய்திருந்தாள். மெதுவாக வையுங்கள், இன்னும் கொஞ்சம் மேலே, இப்போது எடுக்கலாம் என்று அது பேசும். முப்பது பேர் அதைத் தொட்டுப் பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு அட்டையில் வரைந்திருக்கும் முகங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். ஒன்று அழுமூஞ்சி, ஐந்து பல்லைக் காட்டிச் சிரிக்கும்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். அவள் உள்ளே டேப்லட்டை வைத்துக்கொண்டிருக்க, நான் வெளியே வரிசையில் ஒவ்வொருவர் காதிலும் போய் ஓதினேன். இது நம்ம சுதர்சனாவின் பரீட்சை, மறக்காமல் அஞ்சைத் தொடு என்று. ஓத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நம்ம பொண்ணு பாஸாக வேண்டும் என்று அவர்களே அந்த முடிவோடுதான் வந்திருந்தார்கள். டேப்லட்டை ஒழுங்காகப் பார்க்காமலே அஞ்சைத் தொட்டவர்கள் பாதிப் பேர். முப்பது பேர், என்னையும் சேர்த்து, முப்பதும் அஞ்சு. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த வாரமே அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை மோனிகா ஃபோனில் பிடித்துக்கொண்டார். முப்பது பேரும் ஒன்றுபோல அஞ்சு என்றால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், இதை ஆராய்ச்சி என்று வாங்கிக்கொள்ள முடியாது, இரண்டு மாதத்துக்குள் புதிதாகச் செய்யாவிட்டால் இந்த வருஷம் பட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று சுதர்சனாவிடம் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "எனக்கு நல்லது பண்றதா நெனச்சீங்க, தெரியும்ணா" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று, டப்பா திறக்கவே இல்லை.

ஆனால் கெட்டிக்காரி. இரண்டே நாளில் வழி கண்டுபிடித்துவிட்டாள். இந்த ஊர்க்காரர்களிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அதனால் கேட்கவே கூடாது. ஒருவர் தொட்டுப் பழகியதும், அவரே அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டும். நம் ஜனத்துக்கு அடுத்தவரைத் திருத்துவதென்றால் அல்வா சாப்பிட்ட மாதிரி. மீனம்பாள் தன் பக்கத்து வீட்டு அன்புக்கரசிக்குச் சொல்லித் தந்ததை நான் காதால் கேட்டேன். "அது பேசி முடிக்கறதுக்குள்ள எடுத்துட்ட பாரு. அது மெள்ளமாத்தான் பேசும், நீதான் நிக்கணும். எனக்கும் மொதல்ல பிரியல" என்றார். குரல் மெதுவாக வருகிறது என்ற குறை அப்படித்தான் வெளியே வந்தது. இப்படி அறுபது குறை. சுதர்சனாவுக்கு வாயெல்லாம் பல். கூடவே, கடையின் நிஜ மெஷினில் தினமும் யாருக்கு எத்தனை முறை விரல் வைக்க வேண்டியிருந்தது என்று ஒரு நோட்டிலும் எழுதி வந்தாள்.

எல்லாம் முடிந்து, அறிக்கை அனுப்ப வேண்டிய வாரம். சாயங்காலம் மோனிகா மேடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல மூட்டைமேல்.

"மார்ச் மூணுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் நிஜ மெஷின்லயே எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு தடவையில ரேகை விழுந்திருக்கு. மத்த நாள்ல நாலு, அஞ்சு. அந்த ஒன்பது நாள் மட்டும் உங்க கடையில என்ன மாறிச்சு? அந்த இடத்த காலியா விட்டிருக்கீங்க."

"தெரியல மேடம்" என்றாள் சுதர்சனா.

காரணம் எழுதாமல் இதை மேலே அனுப்ப முடியாது, சனிக்கிழமைக்குள் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மார்ச் மூன்றாம் தேதி எனக்கு மறக்குமா? கமலாம்பாளுக்குக் கண் ஆபரேஷன் செய்த நாள். பதினொன்றுவரை நான் லீவு. எனக்குப் பதிலாக வந்தவர் பீமாராவ், கேள்வி கேட்டால்கூட இரண்டு தடவை யோசித்து மெதுவாகப் பேசுகிற ஆள்.

காது சுட்டது. முதலில் சாக்காக மூட்டையின் கனத்தைச் சொன்னேன், வரிசையின் நீளத்தைச் சொன்னேன், எல்லாம் மனசுக்குள்தான். பிறகு மீனம்பாளின் விரல் ஞாபகம் வந்தது. நான் அடுத்த ஆளு என்று கத்தும்போதெல்லாம் அது நடுங்கியது. அந்தப் பாடம் ஓடியபோது இதே மூட்டைமேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

நோட்டைக் கேட்டு வாங்கினேன். மார்ச் மூன்றாம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்திருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது. அண்ணா லீவு.

"தெரியலன்னு ஏன் சொன்ன?"

அவள் நோட்டை வாங்கி மூடினாள். "ரெண்டு வருஷமா எனக்கோசரம் இந்த மூட்ட மேல உக்காந்திருக்கீங்க. ஒங்களப் பத்தி நான் எப்பிடிண்ணா எழுதுவேன்?"

"முப்பது பேரு ஒனக்கு அஞ்சு போட்டோம், நீ ரெண்டு நாளு தூங்கல. இப்ப நீ எனக்கு அஞ்சு போட்டுட்டியே யம்மா."

அழுதுவிட்டாள். எனக்கும் குரலே வரவில்லை. எனக்குக் குரல் வராததை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தாள். நேமிகுமார் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே போய் நின்றார்.

கத்தினவன் பெயர் வீராசாமி என்றே எழுது என்றேன். ஆராய்ச்சியில் யார் பெயரும் எழுதக் கூடாதாம். கடை ஊழியர் ஒருவர் உரத்த குரலில் அவசரப்படுத்திய நாட்களில், என்று எழுதினாள். பெயர் வராததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு பக்கத்தைத்தான் தேர்வாளர்கள் அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார்களாம். பாஸாகிவிட்டாள். முதல் வகுப்பு.

அடுத்த மாசம் மீனம்பாள் வந்தார். தொட்டுக் கண்ணில் ஒற்றினார், விரலைத் துடைத்தார், அமுக்கினார். சிவப்பு. நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். அவர் மெஷினை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்னா வீராசாமி, ஒடம்புக்கு முடியலியா?" வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "மெள்ள வையி மீனம்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். பச்சை விழுந்தது. தினமும் இப்படி விழுகிறது என்று சொல்ல மாட்டேன். என் கோபமும் முழுசாகப் போய்விடவில்லை, வாரத்துக்கு இரண்டு தடவை எட்டிப் பார்க்கிறது.

பட்டம் தபாலில் வந்த அன்றைக்கு, ஐந்தரை மணிக்கு டப்பாவைத் திறந்தவள், அந்த ஐந்து முகம் போட்ட அட்டையை என் முன்னால் வைத்தாள். இந்த ரெண்டு வருஷம் என்னோடு வேலை செய்தது எப்படி இருந்தது, நிஜமாகத் தொடுங்கள் என்றாள். நான் நாலைத் தொட்டேன்.

"ஒண்ணு எதுக்குண்ணா கொறச்சீங்க?"

"அன்னிக்கு மேடம் கேட்டப்ப தெரியலன்னியே, அதுக்கு."

அவள் சிரித்துக்கொண்டே எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மூடியில் எடுத்து என் பக்கம் தள்ளினாள். சூரியன் மலைக்குப் போக இன்னும் கொஞ்சம் இருந்தது. சாப்பிட்டோம்.