வெண்டர் பெட்டியில் ஒரு முருங்கைக்காய்

நேற்று கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தபோது ஈரச் சாக்கின் வாடை அடித்தது. மல்லி வாசனை அதற்குப் பிறகுதான் வந்தது. வெண்டர் பெட்டியின் வாடை அது.

மின்சார ரயிலில் காய்கறி, பூ, மீன் கூடைக்காரர்களுக்கென்று ஒரு பெட்டி இருக்கும் அல்லவா, அதைத்தான் சொல்கிறேன். என் மகள் ஜெனிக்கு அப்போது ஐந்து வயது. பிறந்தபோதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கைகால் விறைத்திருக்கும். நடக்க மாட்டாள், பேச மாட்டாள். கட்டைவிரல் உள்ளே மடங்கி, கை எப்போதும் மூடியே இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்ததும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, திருமுல்லைவாயிலில் ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போவேன். அவள் அம்மாவுக்குக் காலை வேலை.

எனக்கு யாரிடமும் உட்கார இடம் கேட்க வாய் வராது. கேட்கலாம் என்று தைரியம் வருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ஒருநாள் அவசரத்தில் ஓடிப்போய் ஏறியது வெண்டர் பெட்டி. இறங்கி மாறவும் கூச்சமாக இருந்தது. வேப்பம்பட்டிலிருந்து கீரை கொண்டுவரும் அம்சா அக்கா ஒரு மூட்டையைத் தள்ளிவைத்தார்.

"இன்னா நைனா, கொயந்தைய தூக்கினே நிக்கிற? இப்டி சாக்கு மேல வையி."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் பெட்டி.

ஏதாவது ஒரு பொருளை ஜெனி தானாகப் பிடித்துவிட்டால் போதும், ஸ்பூன் பிடிக்கப் பழக்கிவிடலாம் என்று பயிற்சி கொடுக்கும் மேடம் சொல்லியிருந்தார். வீட்டில் பந்து, சீப்பு, கிலுகிலுப்பை எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். எல்லாம் நழுவிவிடும். நாங்கள் இருக்கும்வரை ஊட்டலாம், அதற்குப் பிறகு? இதை நானும் மனைவியும் பேசிக்கொண்டதே இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

பொருள் பிடிக்கப் பழக்கும் விஷயத்தை அம்சா அக்கா எப்படியோ என்னிடமிருந்து வாங்கிவிட்டார். பிறகு அது பெட்டிக்கே வேலையாகிவிட்டது. ஜெனியின் கையில் ஒருவர் பீன்ஸ் வைப்பார், ஒருவர் மல்லிக்காம்பு வைப்பார். விழுந்துவிடும். "ஒன் சரக்கு புடிக்கலியாம், அம்சா" என்று மீன்காரம்மா வம்பிழுப்பார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அக்கா ஒரு முருங்கைக்காயை வைத்தார். கொரட்டூர் தாண்டியும் அது விழவில்லை. பெட்டியே எட்டிப் பார்த்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. ஜெனியின் கை விறைத்து மேலே போய், முருங்கைக்காய் அம்சா அக்காவின் தலையில் சொத்தென்று இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை, பாருங்கள்.

அக்கா தலையைத் தடவிக்கொண்டே குனிந்து காட்டினார். "இன்னொரு தபா அடி தாயி. உட்டுறாத, கெட்டியா புடி."

காய் கையிலேயே இருந்தது. ஜெனி பெட்டி அதிரச் சிரித்தாள். முருங்கைக்காயோடுதான் அன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்பூன் பிடிக்க அதன் பிறகும் சில வருஷங்கள் ஆயின. இப்போது என் தோள் அவளைத் தாங்காது, சக்கர நாற்காலியோடு வேனில் போகிறாள். போன மாதம் வேறு வேலையாக ரயிலேறியபோது வெண்டர் பெட்டியை எட்டிப் பார்த்தேன். செல்போனைப் பார்த்தபடி ஆபீஸ் பையன்கள் நின்றிருந்தார்கள். ஒரு சாக்குகூட இல்லை. அம்சா அக்காவின் வீடு எங்கே என்று அப்போதே கேட்டு வைத்திருக்கலாம். எனக்குத்தான் வாய் வராதே.

நேற்று முருங்கைக்காய் சாம்பார். பாதி வாயில், பாதி மடியில் என்று ஜெனி தானாகவே சாப்பிட்டாள். நடுவில் ஸ்பூனை வைத்துவிட்டு, ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தட்டில் தட்டிச் சிரித்தாள். "பாருக்கா" என்று பக்கத்தில் திரும்பிவிட்டேன். சுவர்தான் இருந்தது.