அறுபத்து மூன்று டிகிரி

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தால் அது மறுநாளே வீட்டுக்குள் நடந்து வந்துவிடும் என்று அம்மா சொல்வாள். நான் மூன்றாவது படிக்கும்போது அது நான்கு காலில் வந்தது. அம்மாவுக்கு ரத்தம் குறைவு, தினமும் பால் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் தாராளமாகக் கிடைக்கும். அப்பாவோ தென்னேரிக்குப் போய் ஒரு பால் ஆட்டை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் தலைமையாசிரியையைப் போலவே அது கண்ணைத் தாழ்த்தி ஆளை அளந்தது. நான் அதற்கு மேடம் என்று பெயர் வைத்தேன்.

அப்பா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். மேடத்தின் மடியை ஈரத்துணியால் துடைத்து, முதல் இரண்டு பீய்ச்சலைத் தரையில் விட்டு, சிவப்பேறிய விரல்களால் கறப்பார். நான் எதிரே அகத்திக்கீரையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான். கறந்த சூட்டோடு குடித்தால்தான் சத்து என்பது அப்பாவின் கட்சி. பச்சைப் பாலைத் தொடமாட்டேன் என்பது அம்மாவின் கட்சி. காய்ச்சினாலோ, அந்த வாடைக்கே அம்மா தோட்டத்துப் பக்கம் ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். மேடத்தை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு ஒரே வருத்தம்.

தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர்தான் வழக்கைத் தீர்த்தார். பால் கொதிக்க வேண்டாம், அறுபத்து மூன்று டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருந்தால் கிருமி செத்துவிடும், வாடையும் அவ்வளவாக ஏறாது என்றார். பச்சையாக மட்டும் கூடவே கூடாது என்று அம்மாவைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பட்டுக்கும் இதே பக்குவம்தான்மா. தளதளன்னு கொதிச்சா பளபளப்பு பூடும். கைய வச்சே நான் சூடு சொல்லிடுவேன்."

"உங்க கைய வுட்டா ரோஸ் மில்க்குதான் வரும். போயி தெர்மாமீட்டர் வாங்கிக்கினு வாங்க," என்றாள் அம்மா.

வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பால் பாத்திரம், பாலுக்குள் நூலில் தொங்கும் தெர்மாமீட்டர், எதிரே சுவர்க் கடிகாரம். ஞாயிற்றுக்கிழமைக் காவல் எனக்கு. காவலோடு அம்மா ஒரு சட்டமும் போட்டாள். "ஒரு நாளு அரைகுறை பாலு வந்துச்சின்னாலும் மேடம் தென்னேரிக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிறு அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்பா சாயப் பட்டறையில் இருந்தார். பால் அறுபத்து மூன்றைத் தொட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேடம் கயிற்றை உருவிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டது. அங்கே எதிர்வீட்டுக்காரர்கள் தறிக்குப் போகும் பட்டு நூல்களைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டி, அப்போதுதான் அதற்குக் கஞ்சி போட்டிருந்தார்கள். மேடத்துக்குக் கஞ்சி என்றால் உயிர். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். நாக்குக்கும் பாவுக்கும் ஒரு முழம் இருக்கும்போது கொம்பைப் பிடித்துவிட்டேன். தெருவே கொடுத்த வசவை வாங்கிக்கொண்டு, முரண்டு பிடித்த மேடத்தை இழுத்து வந்து கட்டினேன்.

உள்ளே வந்தால் அரை மணி ஓடிப்போயிருந்தது. பால் ஆறத் தொடங்கியிருந்தது. அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஆச்சாடி?"

"ஆச்சு."

நடந்ததைச் சொன்னால் மேடம் போய்விடும். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அம்மா டம்ளரில் ஊற்றினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனாள். மருத்துவர் இரண்டு தடவை சொன்னது அந்த நேரம் பார்த்து என் காதில் கேட்டது.

"குடிக்காதமா! அஞ்சு நிமிசம்தான் வச்சேன்!"

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"மேடம் எங்கியும் போவாதுடி. அழாத," என்றாள். அவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

உண்மை பேசினால் ஆடு தங்கும் என்று அன்று ஒரு நீதியைக் கண்டுபிடித்தேன். பள்ளித் தோழிகளிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்ததோ, பச்சைப் பாலின் கிருமி கருவைக் கலைக்கக்கூடும் என்பதோ, அன்று என் கன்னம் பதிந்திருந்த இடத்தில் என் தம்பி இருந்தான் என்பதோ எனக்குத் தெரியாது.