மைல் கல் இருந்தால்தான் இறங்குவேன்

பெரிய சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். மலாயாவில், கிள்ளான் பட்டணத்துக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைப்பதாக இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை போட்ட நிபந்தனை ஒன்றுதான்: திங்கட்கிழமை காலையில் சொந்த சைக்கிளில் வந்து நிற்க வேண்டும். தோட்டம் பெரிது, நடந்து போய்க் கணக்கெடுக்கிற கிராணி அவருக்கு வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்தால் நான் மற்றவர்கள் உயரம்தான். எழுந்து நின்றால்தான் விஷயம் வெளியே வரும். ஆண்டவன் உடம்புக்குத் துணியைத் தாராளமாக வெட்டிவிட்டு, மிச்சத்தில் காலைத் தைத்திருக்கிறான். கிள்ளான் கடையில் இருந்ததெல்லாம் சீமைக் கால்களுக்காகச் சீமையிலிருந்து வந்த சைக்கிள்கள். ஒன்றை வாங்கி, பெடலில் மரக்கட்டை வைத்துக் கட்டிக்கொண்டேன். பெடல் எட்டியது, தரை எட்டவில்லை. ஏறவும் கல் வேண்டும், இறங்கவும் கல் வேண்டும். ஆகவே, மைல் கல்லுக்கு மைல் கல் பயணம்.

சனிக்கிழமை சாயங்காலம் பழகப் போனேன். நான் இறங்க வேண்டிய கல்லில் ஒரு வடைக்காரர் கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, கொஞ்சம் எழுந்திரிங்க!”

“எத்தனை வடை?” என்றார்.

அவரையே சுற்றிச் சுற்றி வந்தேன். வித்தை காட்டுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார். அந்தப் பக்கமாகச் சைக்கிளில் வந்த யாழ்ப்பாணத்து மருத்துவச்சி அம்மாள் ஒருவர்தான் இறங்கி ஓடிவந்து, என் சீட்டைப் பிடித்து நிறுத்தினார். கதையைக் கேட்டார். சிரித்து முடித்தபின், “என்ர சைக்கிளிலை ஏறிப் பாரும் தம்பி” என்றார்.

நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். ஏறினேன். இரண்டு காலும் தரையில் பதிந்தன. நம்பாமல் குனிந்து பார்த்தேன்.

“இதுல போனா தோட்டமே சிரிக்கும் அக்கா.”

“துரை சைக்கிள் கொண்டுவரச் சொன்னவரோ, ஆம்பிளைச் சைக்கிள் கொண்டுவரச் சொன்னவரோ?”

நான் என் சைக்கிளைக் கடைப் பக்கமாகத் திருப்பினேன். அவரே கடைக்குக் கூட வந்து, கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் மலாயில் சண்டை பிடித்து, என்னுடையதைக் கொடுத்து அதே மாதிரி ஒரு பழைய சைக்கிளை மாற்றித் தந்தார்.

திங்கட்கிழமை தோட்டம் சிரிக்கத்தான் செய்தது. துரை மட்டும் சைக்கிளை ஒரு பார்வை, கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆற்றோரம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். போனேன், வழியில் நினைத்த இடத்திலெல்லாம் இறங்கினேன்.

என் கால் குட்டை என்று சொன்னவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். அந்தக் காலுக்கும் உலகத்தில் ஒரு சைக்கிள் இருக்கும் என்று சொன்னவர் அந்த அம்மாள் ஒருவர்தான் என்பதை நினைத்தால், இன்றும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறேன், அதனால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரிவதில்லை என்றாலும்.