வெறும் நூற்றுப் பத்து வோல்ட்

அந்தப் பெட்டியை நான் பூரிக்கட்டையால் அடித்தே நொறுக்கினேன். இன்னொரு தடவை கையில் கிடைத்தாலும் நொறுக்குவேன்.

தொண்ணூற்றெட்டில் அமெரிக்காவில், ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருந்தோம். பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன அப்பா விசிட்டர் விசாவில் வந்திருந்தார். இன்ஷூரன்ஸ் கிடையாது. இடக்கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவது அவருக்கு அவ்வளவு அவமானம். "ஒரே ஒரு வாய் சோத்துக்கையால பெசஞ்சு சாப்பிட்டாப் போதும்மா" என்பார்.

ஹார்டுவேர் இன்ஜினியரான என் கணவர், யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் ஒரு மரப்பெட்டி வாங்கி வந்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய மின்சார வைத்தியப் பெட்டியாம். நோயாளி இரண்டு பித்தளைக் குழாய்களைப் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் கரண்ட் பாயும். வாதம், பல்வலி, பைத்தியம் எல்லாம் தீரும் என்று மூடியில் அச்சடித்திருந்தது. எந்தப் படுபாவி எழுதினானோ!

அப்பாவின் வலக்கையில் ஒரு குழாயைத் துணியால் கட்டி, இன்னொன்றை இடக்கையில் பிடிக்கச் சொல்லிவிட்டு இவர் கைப்பிடியைச் சுற்றினார். செத்த விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அழுதார். "அசையுது மாப்ளே, அசையுது!"

நிறுத்தியதும் கை பழையபடி கட்டையாய்க் கிடந்தது. "செத்த தவளைக்குக் கரண்ட் வெச்சாலும் கால் துள்ளும்பா" என்றேன். யார் கேட்டார்கள்?

மறுநாள் இவர் சுவர் பிளக்கிலிருந்தே குழாய்களுக்கு ஒயர் இழுத்தார்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன்.

"நம்மூர்ல இருநூத்தி முப்பதுலயே ஷாக் வாங்கி எழுந்தவங்க நாம. இங்க வெறும் நூத்திப் பத்து. டென்ஷன் ஆகாதே."

"போடுங்க மாப்ளே" என்றார் அப்பா.

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள் போட்டுவிட்டார். அப்பாவின் உடம்பு விறைத்து நாற்காலியோடு சாய்ந்தது. கண் செருகியது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். இழுக்கப் போன இவரையும் தூக்கி எறிந்தது. பிளக்கோ சோபாவுக்குப் பின்னால், உடனே எட்டாது. பூரிக்கட்டையை ஓங்கி அப்பாவின் இடது மணிக்கட்டில் அடித்தேன். பிடி விடவில்லை. மறுபடி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, குழாய் விழுந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். அப்பாவுக்கு மூச்சு வந்ததைப் பார்த்த பிறகு இவர் கன்னத்தில் விட்டேன் ஓர் அறை. அப்புறம்தான் பெட்டி.

அப்பா பிழைத்தார். ஸ்பூன் பிடித்த இடக்கையில் இப்போது மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். ஒரு வாய் விழுங்கிவிட்டு, மடியில் கிடந்த வலக்கையைப் பார்த்தார்.

"அன்னிக்கு அசைஞ்சுதுல்லம்மா?"

"அசைஞ்சுதுப்பா."

"அந்தப் பெட்டிய ஒட்ட வெக்க முடியுமான்னு மாப்ளைய கொஞ்சம் கேளேன்."